சோயா மொச்சைக்குள் மருந்தைத் தேடிய பெர்சி ஜூலியன்

எண்ணெய் வித்தை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம் வரும். எண்ணெயை விற்கிறோம், புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். எண்ணெயைத் தெளிய வைத்தால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் கசடு தங்கும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நெல் அரைத்தால் தவிடு வரும். அதையும் தீவனம் என்ற அளவில்தான் பார்க்கிறோம்.

ஆனால், ஒரு வித்துக்குள் எண்ணெயும் புண்ணாக்கும் மட்டும்தான் இருக்கின்றனவா? இல்லை என்று ஒருவர் காட்டினார். சோயா மொச்சையின் புரதத்தில் இருந்து காகிதத்துக்கான பூச்சையும், நெருப்பை அணைக்கும் நுரையையும் கொண்டு வந்தார். சோயா எண்ணெயில் சிறிதளவே கரைந்திருந்த ஒரு பொருளை எடுத்து, மனிதர்களுக்கான மருந்தாக மாற்றினார். அவர் பெயர் பெர்சி ஜூலியன். அமெரிக்காவைச் சேர்ந்த வேதியியல் அறிஞர்.

அவர் வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால், நம் களத்தில் கிடக்கும் தானியத்தையும் வித்தையும் பார்க்கும் பார்வையே கொஞ்சம் மாறும்.

அடிமையின் பேரன்

பெர்சி ஜூலியன் 1899 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். தாத்தா அடிமையாக வாழ்ந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக் கொண்ட குற்றத்துக்காகத் தாத்தாவின் கைவிரல்களில் இரண்டை வெட்டி விட்டார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த செய்தி. அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் படிப்புக்கு அப்படியொரு மரியாதை. தந்தை ரயில்வே அஞ்சல் பிரிவில் எழுத்தராக இருந்தார். தாய் ஆசிரியை. ஆறு பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் அலபாமாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பெரும்பாலும் வழி கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்காக நடத்தப்பட்ட ஒரு பள்ளியில் கிடைத்த படிப்போடு, இந்தியானா மாநிலத்தில் உள்ள டிபாவ் பல்கலைக் கழகத்தில் ஜூலியன் சேர்ந்தார். மற்ற மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியை முடித்து விட்டு வந்திருந்தார்கள். இவரோ பகலில் கல்லூரிப் பாடம், மாலையில் விட்டுப்போன பள்ளிப் பாடம் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தார். தங்க இடமில்லை. வெள்ளை மாணவர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலை செய்து, அந்தக் கட்டடத்தின் பரணில் படுத்துக் கொண்டார்.

1920-இல் படிப்பை முடித்த போது, அந்த ஆண்டு மாணவர்களில் முதலிடம் அவருக்குத்தான்.

கதவுகள் திறக்கவில்லை

முதலிடம் பெற்ற மாணவர் என்றால் மேற்படிப்புக்குப் பல இடங்களில் இருந்து அழைப்பு வரும். ஜூலியனுக்கு வரவில்லை. கறுப்பினத்தவரைப் படிக்க வைத்தாலும் வேலை யார் கொடுப்பார்கள் என்ற கேள்விதான் எல்லா இடத்திலும் நின்றது. கறுப்பின மாணவர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக் கழகத்தில் சில காலம் பாடம் நடத்தினார். பிறகு, உதவித்தொகை கிடைத்து ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்து 1923-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனால், முனைவர் பட்டத்துக்கான ஆய்வை அங்கே தொடர முடியவில்லை. வெள்ளை மாணவர்களுக்குக் கறுப்பின ஆசிரியர் பாடம் நடத்துவதை ஏற்க மாட்டார்கள் என்று, அதற்குத் தேவையான உதவி ஆசிரியர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அதனால் கடல் கடந்து, ஆஸ்திரியா நாட்டின் வியன்னாவுக்குப் போனார். அங்கே எர்ன்ஸ்ட் ஸ்பேத் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். செடிகளின் வேரிலும் இலையிலும் விதையிலும் இருக்கும் காரப்பொருள்களை, அதாவது மருந்துக் குணமும் நச்சுத் தன்மையும் கொண்ட ஆல்கலாய்டுகளைப் பிரித்து எடுப்பதில் அவர் தேர்ந்தவர். ஜூலியன் அந்த வித்தையைக் கற்றார். ஜெர்மன் மொழியையும் நன்றாகக் கற்றார். 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்த இரண்டு கல்வியும் பின்னாளில் சோயா மொச்சைக்குக் கைகொடுத்தன.

விஷக் கொட்டையில் இருந்து கண் மருந்து

ஊர் திரும்பிய ஜூலியன், தான் படித்த டிபாவ் பல்கலைக் கழகத்திலேயே ஆய்வைத் தொடங்கினார். வியன்னாவில் உடன் படித்த ஜோசப் பிக்கிள் என்பவர் கூட வேலை செய்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்றொரு அவரை இனக் கொட்டை உண்டு. கடும் விஷம். குற்றம் சாட்டப்பட்டவரை அந்தக் கொட்டையைத் தின்ன வைத்து, பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த விஷத்துக்குக் காரணமான பொருள் ஃபைசோஸ்டிக்மின். அளவாகக் கொடுத்தால், கண்ணழுத்த நோய்க்கு அதுவே மருந்து. பார்வை போகாமல் காக்கும்.

இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்ய முடியுமா என்று பலர் முயன்று கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் ராபின்சன் என்னும் புகழ்பெற்ற அறிஞரின் குழுவும் அதில் இருந்தது. அவர்கள் வெளியிட்ட முடிவு தவறு என்று ஜூலியன் கண்டார். உலகம் மதிக்கும் பேராசிரியரின் முடிவைத் தவறு என்று, நிலையான வேலைகூட இல்லாத ஒரு கறுப்பின ஆய்வாளர் எழுதுவது சாதாரணக் காரியமில்லை. கணக்குப் பிசகினால், அன்றோடு வேதியியலில் அவர் பெயர் முடிந்து விடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு பொருள் எந்த வெப்பத்தில் உருகுமோ, அதே வெப்பத்தில்தான் எப்போதும் உருகும். கொட்டையில் இருந்து எடுத்ததும், கையால் செய்ததும் ஒன்றாக உருகினால் இரண்டும் ஒரே பொருள். ஜூலியன் செய்த பொருள் இந்தச் சோதனையில் தேறியது. 1935-இல் ஃபைசோஸ்டிக்மினை முழுமையாக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி விட்டார்.

எடுத்து வைத்த எண்ணெயில் படிந்த பொருள்

அந்த ஆய்வின் போது இன்னொன்றும் நடந்தது. கலபார் கொட்டையில் இருந்து விஷப் பொருளைப் பிரிக்கும் போது, அதன் எண்ணெய் தனியாக வரும். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அந்த எண்ணெயில் வெண்ணிறப் படிகங்கள் தோன்றின. சோதித்துப் பார்த்தார். அது ஸ்டிக்மாஸ்டெரால்.

இது என்ன பொருள் என்று நீங்கள் கேட்கலாம். நம் உடலில் கொலஸ்ட்ரால் இருப்பதைப் போல, செடிகளின் விதைகளிலும் மெழுகு போன்ற பொருள்கள் உண்டு. இவற்றைத் தாவர ஸ்டெரால்கள் என்பார்கள். ஸ்டிக்மாஸ்டெரால் அவற்றில் ஒன்று. இதன் அமைப்பு, மனித உடல் சுரக்கும் சில ஹார்மோன்களின் அமைப்புக்கு மிகவும் நெருக்கமானது. வீட்டுக்கு அடித்தளமும் சுவரும் தயாராக இருந்தால், மேலே மாற்றிக் கட்டுவது எளிதல்லவா? அதைப் போலத்தான் இதுவும். ஜெர்மன் அறிஞர்கள் ஸ்டிக்மாஸ்டெராலை ஹார்மோனாக மாற்றிக் காட்டியதை ஜூலியன் படித்திருந்தார்.

இதே பொருள் சோயா எண்ணெயிலும் இருக்கிறது. கலபார் கொட்டை ஆப்பிரிக்காவில் இருந்து வர வேண்டும். சோயா மொச்சையோ அமெரிக்க வயல்களிலேயே விளைகிறது.

வேலை மறுத்த ஊர்கள்

இவ்வளவு பெரிய சாதனைக்குப் பிறகும் டிபாவ் பல்கலைக் கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. நிறம்தான் காரணம். ஒரு பெரிய வேதியியல் நிறுவனம், கூட வேலை செய்த பிக்கிளுக்கு வேலை கொடுத்தது, ஜூலியனுக்குக் கொடுக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரில் இருந்த காகித வேதியியல் நிறுவனத்தில் வேலை அமையும் போல இருந்தது. கறுப்பினத்தவர் அந்த ஊரில் இரவு தங்கக் கூடாது என்ற பழைய விதி குறுக்கே வந்தது.

இந்தச் சமயத்தில், ஆய்வுக்காகக் கொஞ்சம் சோயா எண்ணெய் வேண்டும் என்று கிளிடன் நிறுவனத்துக்கு ஜூலியன் எழுதியிருந்தார். பெயிண்ட் தயாரிக்கும் நிறுவனம் அது. சிகாகோவில் சோயா மொச்சையில் இருந்து எண்ணெய் எடுக்க, ஜெர்மனியில் இருந்து புதிய இயந்திரங்களை வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வேதியியலும் தெரிந்த, ஜெர்மன் மொழியும் தெரிந்த ஆள் தேவை. எண்ணெய் கேட்டவருக்கு வேலையே கிடைத்தது. 1936-இல் அந்த நிறுவனத்தின் சோயாப் பிரிவு ஆராய்ச்சி இயக்குநராக ஜூலியன் சேர்ந்தார்.

புண்ணாக்கின் புரதம் காகிதத்துக்குப் போனது

சோயா மொச்சையில் சுமார் 20 சதம் எண்ணெயும், 40 சதம் புரதமும் உள்ளன. எண்ணெயை எடுத்த பின் மீதமாகும் புண்ணாக்கில் புரதம் இன்னும் செறிவாக இருக்கும். தீவனம் என்ற ஒரே விலைக்கு அது போய்க் கொண்டிருந்தது.

ஜூலியனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரிப்பது. அந்தக் காலத்தில் வழவழப்பான காகிதம் செய்ய, பாலில் இருந்து எடுக்கும் கேசீன் என்னும் புரதத்தைப் பூசுவார்கள். அதன் விலை அதிகம். அதற்கு ஈடாகச் சோயாப் புரதத்தைக் கொடுக்க முடிந்தால், காகித ஆலைகளே அதை வாங்கும்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். புரதம், காரத் தன்மையுள்ள நீரில் கரையும். அந்த நீரில் அமிலத்தைச் சேர்த்தால், பால் திரிவதைப் போலப் புரதம் திரிந்து அடியில் தங்கும். சொல்வதற்கு எளிது. ஆனால், எண்ணெய் எடுக்கும் போது அதிகச் சூடு பட்டால் புரதம் கெட்டு விடும். பிறகு அது சரியாகக் கரையாது, ஒட்டாது. ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பத்தையும் காரத்தையும் அளந்து செய்யும் முறையை ஜூலியன் குழு உருவாக்கியது. பெரிய ஆலையில் டன் கணக்கில் சோயாப் புரதம் தயாரானது. காகிதப் பூச்சுக்கும், தண்ணீரில் கலக்கும் வண்ணப்பூச்சுக்கும் அது பயன்பட்டது.

நெருப்பை அணைத்த மொச்சைக் குழம்பு

இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பலிலும் விமானத்திலும் எண்ணெய் பற்றி எரிந்தால், தண்ணீரை ஊற்றி அணைக்க முடியாது. எண்ணெய் தண்ணீருக்கு மேல் மிதந்து கொண்டே எரியும். தண்ணீர் ஓடும் இடமெல்லாம் நெருப்பும் ஓடும். இதை அணைக்க வேண்டுமானால் எரியும் எண்ணெய்க்கு மேல் போர்வையைப் போல மூடி, காற்றுப் படாமல் செய்ய வேண்டும்.

ஜூலியன் குழு கொடுத்த சோயாப் புரதத்தில் இருந்து, இன்னொரு நிறுவனம் அப்படியொரு நுரையைத் தயாரித்தது. தண்ணீரோடும் காற்றோடும் கலந்து பீய்ச்சினால் கெட்டியான நுரை பரவி நெருப்பை மூடி விடும். அமெரிக்கக் கடற்படையினர் இதைச் செல்லமாக மொச்சைக் குழம்பு என்று அழைத்தார்கள். போர்க்காலத்தில் எத்தனையோ மாலுமிகளின் உயிரை அது காத்தது. மாட்டுத் தீவனமாக மட்டுமே போயிருக்க வேண்டிய புண்ணாக்கின் புரதம்தான் அது.

தொட்டியில் தண்ணீர் புகுந்த நாள்

1940-இல் ஒருநாள் ஆலையில் இருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு இலட்சம் காலன் கொள்ளளவுள்ள சோயா எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கசிந்து விட்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ திரண்டு நிற்கிறது. எண்ணெய் கெட்டுப் போனதாகவே ஆலையில் நினைத்தார்கள்.

ஜூலியனுக்குக் கலபார் கொட்டையின் எண்ணெய் நினைவுக்கு வந்தது. அங்கே படிந்த அதே வகைப் பொருள்தான் இங்கும் திரண்டிருக்க வேண்டும் என்று உடனே புரிந்து கொண்டார். எண்ணெயில் கரைந்திருந்த ஸ்டெரால், தண்ணீர் சேர்ந்ததும் பிரிந்து வந்திருந்தது. இதுவரை ஆய்வுக்கூடத்தில் சிறு குப்பிகளில் சிரமப்பட்டு எடுத்த பொருள், தொட்டிக் கணக்கில் கிடைக்கும் வழி தெரிந்து விட்டது.

நூறு கிலோ சோயா எண்ணெயில் இந்த ஸ்டெரால்கள் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோகூடத் தேறாது. அவ்வளவு குறைவாக இருப்பதை எப்படி இலாபமாக எடுப்பது? சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தி, எண்ணெயின் கசடைத் துளைகள் நிறைந்த நுரை போன்ற பொருளாக மாற்றினார். துளைகள் இருப்பதால் கரைப்பான் உள்ளே எளிதாகப் புகுந்து ஸ்டெராலைக் கரைத்துக் கொண்டு வரும். இந்த முறையால் நாளொன்றுக்கு 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ கலப்பு ஸ்டெரால்களை எடுக்க முடிந்தது.

அதில் இருந்து புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோனை உருவாக்கினார். கருவுற்ற பெண்ணின் உடலில் கருவைத் தாங்க உதவும் ஹார்மோன் இது. அதற்கு முன் சில மில்லிகிராம் எடுக்கவே ஆயிரக்கணக்கான பன்றிகளின் சினைப்பைகள் தேவைப்பட்டன. ஜூலியன் செய்த முதல் ஒரு பவுண்டு புரோஜெஸ்டிரானின் மதிப்பு 63,500 டாலர். அதைக் கவச வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மூட்டுவலிக்காரர்களுக்குக் கிடைத்த வழி

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்தவர்களுக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால், அந்த மருந்தை மாட்டின் பித்தநீரில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து எடுக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான மருந்துக்கே பல மாடுகளின் பித்தநீர் வேண்டும். ஏழை வாங்கக் கூடிய விலையில் அது இல்லை.

ஜூலியன் 1949-இல் இதற்குச் சோயாவில் இருந்து ஒரு வழியை வெளியிட்டார். எஸ் பொருள் என்று அழைக்கப்பட்ட ஒன்றைச் சோயா ஸ்டெராலில் இருந்து குறைந்த செலவில் தயாரித்தார். ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் மருந்துக்கும் இதற்கும் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான் வேறுபாடு. அந்த ஓர் அணுவைச் சேர்க்கும் வேலையை நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் முறை பின்னர் வந்தது. தோல் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் இன்று நாம் வாங்கித் தடவும் களிம்புகளில் உள்ள ஹைட்ரோகார்ட்டிசோன், தாவரப் பொருள்களில் இருந்து மலிவாகக் கிடைத்ததில் ஜூலியனுக்கும் பெரிய பங்கு உண்டு. இந்த மருந்து ஒருவரின் தனி வேலையில்லை. பலர் சேர்ந்து கட்டிய பாதையில், விலையைக் குறைத்த முக்கியமான படியை அவர் போட்டார்.

வீட்டின் மீது வெடிகுண்டு

இத்தனை பேருக்கு உதவிய மனிதர், 1950-இல் சிகாகோவுக்கு அருகில் உள்ள ஓக் பார்க் என்னும் ஊரில் வீடு வாங்கினார். வெள்ளையர்கள் வாழும் பகுதி. குடும்பம் குடியேறும் முன்பே அந்த வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். 1951 ஜூன் மாதம், வீட்டின் மீது வெடிமருந்துக் குச்சியை வீசினார்கள். அது பிள்ளைகள் படுத்திருந்த அறைக்கு வெளியே வெடித்தது. இரவில் தந்தையும் மகனும் காவல் இருந்தார்கள்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. அந்த ஊரிலேயே அவருக்கு ஆதரவாகப் பலர் திரண்டார்கள். கடைசி வரை அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.

சொந்த நிறுவனமும் காட்டுக் கிழங்கும்

1953-இல் கிளிடன் நிறுவனத்தை விட்டு விலகிய ஜூலியன், தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வேறு இடங்களில் வேலை மறுக்கப்பட்ட கறுப்பின வேதியியலாளர்கள் பலருக்கும், பெண்களுக்கும் அங்கே வேலை கிடைத்தது.

அதற்குள் சோயாவுக்கு ஒரு போட்டி வந்திருந்தது. மெக்சிகோவின் காடுகளில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கில் டயோஸ்ஜெனின் என்னும் பொருள் இருந்தது. இதில் இருந்து ஹார்மோன்களைச் செய்வது சோயாவை விட மலிவு. தான் கண்டுபிடித்தது சோயா வழிதான் என்று ஜூலியன் பிடிவாதம் பிடிக்கவில்லை. மூலப்பொருளை மாற்றிக் கொண்டார். மெக்சிகோவில் கிழங்கு கிடைப்பதில் தடைகள் வந்த போது, பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இருந்து கிழங்கைப் பெற்றார்.

ஒரு கட்டத்தில் அவரது நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஒரு மருந்துப் பொருளின் விளைச்சலை நான்கு மடங்காக உயர்த்தினார்கள். பழைய விலையிலேயே விற்றிருக்கலாம். ஜூலியன் அதன் விலையைக் கிலோ 4,000 டாலரில் இருந்து 400 டாலராகக் குறைத்தார். 1961-இல் அந்த நிறுவனம் 2.3 மில்லியன் டாலருக்கு விற்பனையானது.

1973-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1975 ஏப்ரல் 19 அன்று புற்றுநோயால் காலமானார். பேராசிரியர் பதவியை மறுத்த டிபாவ் பல்கலைக் கழகம், பிற்காலத்தில் தன் அறிவியல் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1993-இல் அமெரிக்க அரசு அவர் உருவத்துடன் அஞ்சல் தலையை வெளியிட்டது.

நமக்கு என்ன பாடம்?

ஜூலியன் செய்ததை நாம் வீட்டில் செய்ய முடியாது. ஸ்டெராலைப் பிரிப்பதற்குக் கரைப்பான்களும், தீப்பிடிக்காத ஆலையும், படித்த வேதியியலாளர்களும் வேண்டும். ஆனால், ஆலைக்கு மூலப்பொருளைக் கொடுப்பவர்கள் நாம்தான். நாம் விற்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடும் என்று தெரிந்து கொண்டால் நம் கையில் நிற்கும் பணம் கூடும். அதற்குச் சில குறிப்புகள்:

சோயா மொச்சை: பச்சையாக அரைத்துக் கோழிக்கும் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சரியாகச் சூடுபடுத்தினால் அது செயலிழந்து விடும். அதே நேரம், கருகும் அளவுக்கு வறுத்தால் புரதமும் கெட்டு விடும்.

அரிசித் தவிடு: இதில் எண்ணெயும், அந்த எண்ணெயில் ஒரைசனால், தாவர ஸ்டெரால் போன்ற பொருள்களும் உள்ளன. ஆனால், நெல்லை அரைத்த உடனே தவிட்டில் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். நாள் கடந்தால் சிக்கு வாடை வரும். அந்தத் தவிட்டை எண்ணெய் ஆலைகள் விலை குறைத்துத்தான் எடுக்கும். அரவை முடிந்ததும் தாமதமின்றி ஆலைக்கு அனுப்புவது அல்லது சூடுபடுத்தி நொதியை முடக்குவது, இந்த இரண்டில் ஒன்றுதான் வழி.

நிலக்கடலைப் புண்ணாக்கு: ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அதனால் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சு, மாட்டின் பால் வழியாக நம் பிள்ளைகள் வரை வரும். காய்களை நன்கு காய வைத்து, ஈரமில்லாத இடத்தில் சேமியுங்கள். பூசணம் பிடித்த காய்களை ஆட்டக் கொடுக்காதீர்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு: கலபார் கொட்டையைப் போல, இதிலும் கொடிய நஞ்சு இருக்கிறது. மாட்டுக்கு வைக்கக் கூடாது. உரமாக மட்டும் பயன்படுத்துங்கள். மாடு எட்டும் இடத்தில் மூட்டையை வைக்காதீர்கள்.

மருந்துப் பயிர்கள்: தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு விதையைக் கால்ச்சிசின் என்னும் மருந்துப் பொருளுக்காகவும், நிலவாகை இலையைச் சென்னோசைடுக்காகவும் வாங்குகிறார்கள். வாங்குபவர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே மருந்துப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கிறார். பயிரிடும் முன்பே, எந்த அளவு இருந்தால் என்ன விலை, யார் சோதிப்பது, எங்கே சோதிப்பது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதைத்த பிறகு கேட்டால் விலையைச் சொல்லும் உரிமை நம்மிடம் இருக்காது. கண்வலிக்கிழங்கும் அதன் விதையும் உயிருக்கே ஆபத்தான விஷம். வீட்டு வைத்தியத்துக்கு எடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஜூலியனின் தொட்டியில் திரண்ட அந்த வெள்ளைப் பொருளை ஆலையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அது என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஆகவே, அடுத்த முறை தவிட்டையோ புண்ணாக்கையோ விதையையோ விற்கப் போகும் போது, இதில் இருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று வாங்குபவரிடம் கேளுங்கள். உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். பதில் தெரிந்தவருக்குத்தான் பேரம் பேச முடியும்.